செக்ரடேரியட்: பந்தயத் தடமும் பொலிப் பண்ணையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைப் பந்தய வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களிடையே செக்ரடேரியட் என்ற பெயர் எழுந்தால் போதும், ஏறக்குறைய அதே கேள்விகள் அதே வரிசையில் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பொலிப் பண்ணை, அதாவது இனப்பெருக்கத்துக்காக ஆண் குதிரைகளை வைத்திருக்கும் பண்ணை, அங்கு அது வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய பதில்கள் சற்று நீளமானவை. தவறான கருத்துகள் மிகுதியாக நிலவுவது அந்தப் பகுதியில்தான்.

செக்ரடேரியட் என்பது எந்தக் குதிரை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1970ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மெடோ பண்ணையில் பிறந்த ஆண் தாரோபிரெட் குதிரை. தந்தை போல்ட் ரூலர், தாய் சம்திங்ராயல். செம்பழுப்பு உடல், மூன்று கால்களில் வெள்ளை, நெற்றியில் நட்சத்திரமும் அதிலிருந்து இறங்கும் மெல்லிய வெள்ளைக் கோடும் அதன் அடையாளங்கள். பென்னி செனரி என்ற பெண்மணி தம் தந்தையின் பண்ணையைப் பொறுப்பேற்று நடத்தி, இக்குதிரையைப் பந்தயங்களில் ஓடவிட்டார். பயிற்சியாளர் லூசியன் லாரின், வழக்கமான ஜாக்கி (மீதேறி ஓட்டுபவர்) ரான் டர்காட், நாள்தோறும் உடனிருந்து பராமரித்தவர் எடி ஸ்வெட்.

1972, 1973 ஆகிய இரண்டே ஆண்டுகள் ஓடியது. 21 பந்தயங்களில் 16 வெற்றி, மூன்று இரண்டாம் இடம், ஒரு மூன்றாம் இடம், ஒரு நான்காம் இடம். பரிசுத் தொகை 13,16,808 டாலர். இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் 'ஆண்டின் சிறந்த குதிரை' என்ற விருதைப் பெற்றது. அதன் பிறகு கென்டக்கி மாநிலம் பாரிஸ் ஊரில் உள்ள கிளைபோர்ன் பண்ணையில் பொலிக்குதிரையாக இருந்து 1989இல் மறைந்தது.

தாரோபிரெட் என்றால் உயர்ந்த ரகம் என்று பொருளா, அல்லது அது ஓர் இனமா?

இனம்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கீழைநாட்டு ஆண் குதிரைகளையும் உள்ளூர்ப் பெட்டைகளையும் சேர்த்து உருவாக்கப்பட்ட ஓட்டப்பந்தய இனம் அது. இன்றுள்ள எல்லாத் தாரோபிரெட் குதிரைகளின் ஆண்வழியும் பைர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். பெற்றோர் இருவரும் வம்சப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால்தான் குட்டியும் அதில் சேர்க்கப்படும். கிண்டியிலும் பெங்களூரிலும் நாம் பார்க்கும் பந்தயக் குதிரைகளும் இதே இனத்தைச் சேர்ந்தவையே.

குதிரைக்குப் போய் 'தலைமைச் செயலகம்' என்று யாராவது பெயர் வைப்பார்களா?

மெடோ பண்ணையின் செயலாளராக இருந்த எலிசபெத் ஹாம் வைத்த பெயர் அது. அமெரிக்காவில் பந்தயக் குதிரையின் பெயரை, வம்சப் பதிவேட்டை வைத்திருக்கும் ஜாக்கி கிளப் என்ற அமைப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். வேறொரு குதிரைக்கு ஏற்கெனவே உள்ள பெயரையோ அதைப் போல ஒலிக்கும் பெயரையோ அவர்கள் மறுத்துவிடுவார்கள். பண்ணை அனுப்பிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்த நிலையில், ஹாம் அம்மையார் தம் பழைய பணியை நினைவுகூர்ந்து இதை எழுதி அனுப்பினார். சர்வதேச சங்கத்தின் செயலகம் இருந்த ஜெனீவாவில், ஆயுதக் குறைப்பு மாநாட்டின்போது, அமெரிக்கத் தூதர் ஒருவரின் தனிச்செயலராக அவர் பணியாற்றியிருந்தார். இம்முறை பெயர் ஏற்கப்பட்டது. லாயத்தில் இருந்தவர்களுக்கு அது எப்போதும் 'பிக் ரெட்' தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு ஓடிய மேன் ஓ' வார் குதிரைக்கும் அதே செல்லப்பெயர் இருந்தது.

காசு சுண்டிப் பார்த்துத் தோற்றதால் கிடைத்த குதிரை என்கிறார்களே, அது கட்டுக்கதைதானே?

உண்மை. ஆனால் பலரும் சொல்வது போல அந்த நாணயம் 'இந்தக் குட்டி யாருக்கு' என்று நேரடியாக முடிவு செய்யவில்லை. போல்ட் ரூலரை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டன் ஃபிப்ஸ், சேர்க்கைக் கட்டணமாகப் பணம் வாங்குவதில்லை. மெடோ பண்ணை இரண்டு பெட்டைகளை இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்ப வேண்டும். பிறக்கும் குட்டிகளை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டுக் குட்டிகளில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை நாணயம் சுண்டியதில் வென்றவருக்கு, இரண்டாம் ஆண்டுக் குட்டிகளில் அந்த உரிமை தோற்றவருக்கு. ஒப்பந்தம் இவ்வளவுதான்.

முதல் ஆண்டில் சம்திங்ராயல் ஒரு பெண் குட்டியையும், ஹேஸ்டி மெட்டில்டா ஓர் ஆண் குட்டியையும் ஈன்றன. இரண்டாம் ஆண்டில் ஹேஸ்டி மெட்டில்டாவுக்குப் பதிலாக அனுப்பப்பட்ட சிகேடா சினைபிடிக்கவில்லை. ஆகவே 1969 இலையுதிர் காலத்தில் ஆல்ஃபிரெட் வாண்டர்பில்ட்டின் நியூயார்க் அலுவலகத்தில் நாணயம் சுண்டப்பட்டபோது, வென்றவருக்கு ஒரே ஒரு குட்டிதான் கிடைக்கும், தோற்றவருக்கு இரண்டு கிடைக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. ஃபிப்ஸ் வென்றார், சம்திங்ராயலின் பெண் குட்டியை எடுத்துக்கொண்டார். த பிரைட் என்று பெயரிடப்பட்ட அக்குட்டி நான்கு முறை ஓடி ஒன்றிலும் வெல்லவில்லை. தோற்ற பென்னி செனரிக்கு ஹேஸ்டி மெட்டில்டாவின் ஆண் குட்டியும், சம்திங்ராயலின் வயிற்றில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த குட்டியும் கிடைத்தன. வயிற்றில் இருந்ததுதான் செக்ரடேரியட்.

முதல் பந்தயத்திலேயே தோற்றதாமே?

ஆம். 1972 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் அக்விடக்ட் மைதானத்தில், ஐந்தரை ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு) ஓட்டத்தில், புறப்பட்டவுடனேயே பக்கத்துக் குதிரை இடித்ததில் தடுமாறிப் பின்தங்கி, கடைசிப் பகுதியில் பாய்ந்து வந்து நான்காவதாக முடித்தது. பதினோரு நாள் கழித்து வென்றது. அந்த ஆண்டின் ஒன்பது பந்தயங்களில் ஏழு வெற்றிகள். ஷாம்பெயின் ஸ்டேக்ஸில் முதலில் வந்தும், மற்றொரு குதிரையின் பாதையில் சாய்ந்தது என்று நடுவர்கள் இரண்டாம் இடத்துக்கு இறக்கினர். இவ்வளவுக்குப் பிறகு இரண்டு வயதுக் குதிரை ஒன்றுக்கு 'ஆண்டின் சிறந்த குதிரை' விருது கிடைத்தது அரிதான நிகழ்வு.

ட்ரிபிள் கிரவுன் என்று சொல்வது எது? அதில் அப்படி என்ன கஷ்டம்?

மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பந்தயங்கள்: லூயிவில் நகரில் கென்டக்கி டெர்பி, ஒன்றேகால் மைல், பால்டிமோரில் பிரீக்னஸ், ஒரு மைலும் அதன் பதினாறில் மூன்று பங்கும், நியூயார்க்கில் பெல்மான்ட், ஒன்றரை மைல். மூன்றும் ஐந்து வார இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடும். ஒரு கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு பல வாரம் ஓய்வெடுக்கும் வழக்கமுள்ள குதிரைகள், மாறுபட்ட தூரங்களில், மாறுபட்ட தடங்களில், அதுவரை ஓடியிராத ஒன்றரை மைலைக் கடைசியில் வைத்துக்கொண்டு வெல்ல வேண்டும். 1919இல் சர் பார்ட்டன் தொடங்கி 2018இல் ஜஸ்டிஃபை வரை 13 குதிரைகளே இதைச் செய்திருக்கின்றன. 1948இல் சைட்டேஷன் வென்ற பிறகு 25 ஆண்டுகள் எந்தக் குதிரைக்கும் இது வாய்க்கவில்லை. அந்த வறட்சியை முடித்த ஒன்பதாவது குதிரை செக்ரடேரியட்.

டெர்பியில் வேகமாக ஓடியது, சரி. வேகமாக ஓடுவதுதானே பந்தயக் குதிரையின் வேலை? அதில் என்ன அதிசயம்?

மொத்த நேரத்தைவிட அந்த நேரம் எப்படிச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள். எந்தக் குதிரையும் தொடக்கத்தில் வேகமாகவும் இறுதியில் களைத்தும் ஓடும். 'கடைசியில் வேகம் கூட்டியது' என்று நாம் சொல்லும் குதிரைகள்கூடப் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் குறைவாகத் தளர்ந்தவைதான். 1973 மே 5 அன்று செக்ரடேரியட் ஓடிய ஐந்து கால்மைல்களின் நேரங்களை வரிசையாகத் தருகிறேன்: 25.2, 24.0, 23.8, 23.4, 23.0 வினாடி. ஒவ்வொரு கால்மைலும் அதற்கு முந்தியதைவிட விரைவு. ஒன்றேகால் மைலின் கடைசிப் பகுதிதான் அதன் மிக வேகமான பகுதி.

கூட்டினால் 1 நிமிடம் 59.4 வினாடி. அந்த டெர்பி சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. இரண்டரைக் குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்த ஷாம், புறப்படும் கூண்டில் தலை மோதி இரண்டு பற்களை இழந்த நிலையில் அந்த ஓட்டத்தை ஓடியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வேறு எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் டெர்பியை வென்றிருக்கக்கூடிய குதிரை ஷாம்.

பிரீக்னஸ் நேரத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண் சொல்கிறார்களே, எது சரி?

1 நிமிடம் 53 வினாடி. இதுவே இன்றைய அதிகாரபூர்வ நேரம். மே 19 அன்று மைதானத்தின் மின்னணுக் கடிகாரம் 1:55 என்று காட்டியது. மைதானத்தின் சொந்த நேரக் கணிப்பாளர் கையில் வைத்திருந்த கடிகாரம் 1:54.4 என்றது, பந்தய நாளிதழின் கணிப்பாளர்கள் 1:53.4 என்றனர். மின்னணுக் கருவியில் கோளாறு என்பதை ஒப்புக்கொண்டு 1:54.4ஐ மட்டும் அப்போது ஏற்றார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்த இந்த வழக்கை, பென்னி செனரியின் கோரிக்கையின் பேரில், ஒளிப்பதிவுகளை நவீன முறையில் ஆராய்ந்து 2012இல் மேரிலாந்து பந்தய ஆணையம் தீர்த்துவைத்தது. ஆக மூன்று பந்தயங்களின் சாதனை நேரங்களும் ஒரே குதிரையின் பெயரில் உள்ளன.

நேரச் சர்ச்சையில் மூழ்கி, அந்தப் பந்தயத்தின் அழகைத் தவறவிட வேண்டாம். கடைசியாகப் புறப்பட்ட குதிரை, முதல் வளைவிலேயே வெளிப்புறமாகச் சுற்றி எல்லாக் குதிரைகளையும் தாண்டி முன்னுக்கு வந்தது. வளைவில் வெளிப்பக்கம் ஓடினால் தூரம் கூடும் என்பதால் எந்த ஜாக்கியும் அந்த இடத்தில் அதைச் செய்யமாட்டார். டர்காட் கடிவாளத்தை இறுக்காமல் குதிரையின் போக்கிலேயே விட்டார்.

பெல்மான்ட்டில் 31 நீளம் என்றால், மற்ற குதிரைகள் மோசமாக ஓடின என்பதுதானே பொருள்?

மிக நியாயமான ஐயம். ஒரு குதிரை நீளம் என்பது சுமார் எட்டு அடி. 31 நீளம் என்றால் ஏறக்குறைய 75 மீட்டர். எதிராளிகள் நான்கே பேர், அவர்களில் ஷாம் களைத்துப்போய்க் கடைசியாக வந்தது என்பதும் உண்மை. ஆகவே இடைவெளியை விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் பார்ப்போம். ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 வினாடியில் ஓடியது. அதற்கு முன்பு பெல்மான்ட் சாதனை 1957இல் கேலன்ட் மேன் ஓடிய 2:26.6. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து நீளம் என்பது பந்தய வழக்கில் உள்ள கணக்கு. அதன்படி பழைய சாதனைக் குதிரை பக்கத்தில் ஓடியிருந்தாலும் 13 நீளம் பின்தங்கியிருக்கும். மண் தடத்தில் இந்தத் தூரத்துக்கான உலக சாதனையாக அது இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் பெல்மான்ட்டில் அதற்கு மிக அருகில் வந்தவை 2:26இல் ஓடிய ஈசி கோயரும் ஏ.பி. இண்டியும். இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் மீண்டும் வரும்.

அன்று, 1973 ஜூன் 9 அன்று, நடந்தது இது. செக்ரடேரியட்டும் ஷாமும் தொடக்கத்திலிருந்தே தோளோடு தோளாக ஓடின. முதல் ஆறு ஃபர்லாங் 1:09.8. ஒன்றரை மைல் ஓட வேண்டிய குதிரைக்கு இது தற்கொலை வேகம்; லாரினும் செனரியும் பார்வையாளர் மாடத்தில் அஞ்சி நின்றார்கள். ஷாம் தளர்ந்தது. செக்ரடேரியட் தளரவில்லை. போல்ட் ரூலரின் பிள்ளைகளுக்கு வேகம் உண்டு, நெடுந்தூரம் தாங்காது என்பது அந்நாளைய பொதுக் கருத்து. அதற்கு மாறாக, இடைவெளி பத்து, இருபது என்று விரிந்துகொண்டே போனது. பின்னால் குளம்பொலியே கேட்காத நேரான பகுதியில், டர்காட் தலையை இடப்புறம் திருப்பி மைதானத்தின் நடுவில் இருந்த நேரப் பலகையைப் பார்த்தார். அந்தக் கணம் ஒரு புகைப்படத்தில் பதிந்திருக்கிறது: ஜாக்கியின் முகம் பலகையை நோக்கி, குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு மேலே, பின்னணியில் வேறு குதிரை எதுவும் இல்லை. சவுக்கைப் பயன்படுத்தவே தேவை ஏற்படவில்லை.

அன்று அதன் மீது இரண்டு டாலர் கட்டியவருக்குக் கிடைத்தது 2 டாலர் 20 சென்ட். வெற்றிச் சீட்டு வைத்திருந்தவர்களில் 5,617 சீட்டுகளைப் பணமாக மாற்றாமல் நினைவுப் பொருளாகவே வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பெரிய குதிரை ஐந்து முறை தோற்றிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முதல் ஓட்டத்தையும் ஷாம்பெயின் தீர்ப்பையும் மேலே சொல்லிவிட்டேன். மீதி மூன்றும் 1973இல் நேர்ந்தவை. டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த உட் மெமோரியலில் ஆங்கிள் லைட், ஷாம் ஆகியவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தது. அந்நாளில் அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுக்கு மேலுதட்டின் உட்புறத்தில் அடையாள எண் பச்சை குத்தப்பட்டிருந்தது. பந்தயத்தன்று காலை அந்த எண்ணைச் சரிபார்க்க உதட்டைத் தூக்கியபோதுதான் உள்ளே சீழ்க்கட்டி இருப்பது தெரிந்தது. கடிவாளத்தை இழுக்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் இரும்பு அழுந்தும்; கட்டி உள்ள வாய் அதைத் தாங்காமல் தலையை உயர்த்திக்கொள்ளும். காரணம் தெரியாமல் ஏறியிருந்த டர்காட்டுக்குக் குதிரை ஏன் முனைய மறுக்கிறது என்பது புரியவில்லை. கட்டி உடைந்து ஆறியதும் டெர்பி.

சரடோகாவில் நடந்த விட்னி பந்தயத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் ஒரு நீள வித்தியாசத்தில் தோற்றது. அப்போது அதற்கு வைரஸ் தொற்று இருந்தது. உட்வார்டில் புரூவ் அவுட்டிடம் தோற்றதற்கு மழை ஒரு காரணம். அந்தப் பந்தயத்துக்கு ஆயத்தமாகியிருந்தது அதே லாயத்தைச் சேர்ந்த ரிவா ரிட்ஜ். தடம் சேறானதால் போதிய பயிற்சி இல்லாத செக்ரடேரியட்டை மாற்றாக இறக்கினார்கள். இவ்விரு வெற்றிக் குதிரைகளுக்கும் பயிற்சியாளர் ஒருவரே: ஆலன் ஜெர்கன்ஸ். சாம்பியன்களைச் சாய்ப்பவர் என்று அவருக்குப் பெயர் உண்டு. காரணங்களைச் சொல்வதால் தோல்விகள் வெற்றியாகிவிடா. நலமில்லாத குதிரையை ஓடவிட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இவ்விரண்டு தோல்விகளுக்கும் இடையில்தான் மார்ல்பரோ கோப்பையில் ஒன்பது ஃபர்லாங்கை 1:45.4இல் ஓடி உலக சாதனை படைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அக்டோபரில், அதுவரை ஓடியிராத புல் தடத்தில் இரண்டு பந்தயங்கள் ஓடி இரண்டிலும் வென்றது. இரண்டாவது கனடாவில் உட்பைன் மைதானத்தில். டர்காட் தடை செய்யப்பட்டிருந்ததால் எடி மேப்பிள் ஏறினார். அதுவே கடைசி ஓட்டம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த குதிரையை மூன்று வயதிலேயே ஏன் நிறுத்தினார்கள்? பேராசையா?

வரி. பென்னியின் தந்தை கிறிஸ்டபர் செனரி 1973 ஜனவரியில் இறந்தார்; சொத்துக்கான மரண வரியைக் கட்டப் பெருந்தொகை தேவைப்பட்டது. கிளைபோர்ன் பண்ணையின் இளம் பொறுப்பாளர் சேத் ஹான்காக் தொலைபேசியிலேயே முதலீட்டாளர்களைத் திரட்டி, குதிரையை 32 பங்குகளாக்கி, பங்கு ஒன்று 1,90,000 டாலர் வீதம் மொத்தம் 60,80,000 டாலருக்கு விற்றுக் கொடுத்தார். அந்நாளில் அது சாதனைத் தொகை. ஒரு பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பெட்டையை அக்குதிரையிடம் அனுப்பலாம். மூன்றாம் வயது முடிவில் பந்தயத்தை நிறுத்தியாக வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. டெர்பி ஓடுவதற்கு முன்பே இந்த விற்பனை முடிந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாங்கியவர்கள் துணிந்து வாங்கினார்கள்.

அதற்கு மலட்டுத்தன்மை இருந்தது என்று படித்தேன். உண்மையா?

இல்லை. பண்ணைக்கு வந்தவுடன் நடந்த முதல் விந்துச் சோதனைகளில் முதிராத உயிரணுக்கள் காணப்பட்டதால் பங்குதாரர்கள் கலங்கினார்கள் என்பது மட்டும் உண்மை. பந்தயப் பயிற்சியிலிருந்து நேராக வந்த இளம் குதிரைக்கு உடல் நிதானப்பட அவகாசம் தேவைப்பட்டது. சோதனைக்காகத் தாரோபிரெட் அல்லாத பெட்டைகளோடு சேர்த்தார்கள். லியோலா என்ற அப்பலூசா இனப் பெட்டை ஈன்ற ஃபர்ஸ்ட் செக்ரடரிதான் அதன் முதல் குட்டி. 1974 நவம்பரில் பிறந்தது. முறையான முதல் தலைமுறைக் குட்டிகள் 1975இல் பிறந்தன.

செயற்கைக் கருவூட்டல் செய்திருந்தால் ஆயிரக்கணக்கில் குட்டிகள் கிடைத்திருக்குமே?

தாரோபிரெட் இனத்தில் அதற்கு இடமில்லை. ஆணும் பெட்டையும் நேரில் சேர்ந்து பிறந்த குட்டியை மட்டுமே வம்சப் பதிவேடு ஏற்கும். நம் ஊரில் மாடுகளுக்கு ஊசி போடும் வழக்கத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பெட்டையைச் சினைப் பருவம் பார்த்துப் பொலிக்குதிரை இருக்கும் பண்ணைக்கே வண்டியில் கொண்டுவர வேண்டும். சினைக்காலம் பதினொரு மாதம். ஆகவே ஒரு பொலிக்குதிரையின் வாய்ப்புகளுக்கு எல்லை உண்டு, பங்கின் விலைக்கும் அதுவே காரணம்.

பந்தயத்தில் ராஜா, பொலிப் பண்ணையில் தோல்வி. இதை மறுக்க முடியுமா?

முடியும். தன்னைப் போல இன்னொரு குதிரையைத் தரவில்லை என்பது குற்றச்சாட்டானால் அது சரி. எந்தப் பொலிக்குதிரையும் அப்படித் தந்ததில்லை. எதிர்பார்ப்பு எவ்வளவு ஊதிப்போயிருந்தது என்பதற்கு ஒரு சான்று: முதல் தலைமுறையைச் சேர்ந்த கனேடியன் பவுண்ட் 1976இல் கென்டக்கியின் கீன்லேண்ட் குதிரை ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு வயதுக் குட்டி ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் முறை. அது ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. செய்தித்தாள்களுக்கு அந்த ஒரு கதை போதுமானதாக இருந்தது.

ஆனால் மற்ற பிள்ளைகளைப் பாருங்கள். ஜெனரல் அசெம்பிளி 1979இல் டிராவர்ஸ் பந்தயத்தை இரண்டு நிமிடத்தில் ஓடிப் படைத்த சரடோகா சாதனை 2016 வரை நின்றது. ரைசன் ஸ்டார் 1988இல் பிரீக்னஸையும் பெல்மான்ட்டையும் வென்றது. பெல்மான்ட்டில் வித்தியாசம் பதினான்கே முக்கால் நீளம். கிங்ஸ்டன் ரூல் 1990 மெல்போர்ன் கோப்பையை 3 நிமிடம் 16.3 வினாடியில் வென்றது. அந்தச் சாதனையும் இன்னும் நிற்கிறது. எனக்கு மிகப் பிடித்தது லேடிஸ் சீக்ரெட். சிறிய உடல், சாம்பல் நிறம், தந்தையின் சாயல் துளியும் இல்லை. 45 ஓட்டங்களில் 25 வெற்றி, 1986இன் சிறந்த குதிரை. அதே ஆண்டு ஆண் குதிரைகளை எதிர்த்து விட்னி பந்தயத்தை வென்றது. தந்தை ஆனியனிடம் தோற்ற அதே விட்னி.

600க்கும் மேற்பட்ட குட்டிகளில் 50க்கும் மேற்பட்டவை ஸ்டேக்ஸ் எனப்படும் உயர்தரப் பந்தயங்களை வென்றன. இனம் முழுவதற்கும் அந்த விகிதம் நூற்றுக்கு மூன்று என்ற அளவில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதனிடம் வந்த பெட்டைகள் நாட்டிலேயே சிறந்தவை என்பதால் இன்னும் கூடுதலாக எதிர்பார்த்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. குறிப்பாக ஆண் வாரிசுகள் எதுவும் பெரும் பொலிக்குதிரையாக நிலைபெறவில்லை. ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை; அடுத்த பதிலைப் பார்க்கவும்.

தாய்வழிப் பாட்டன் என்று ஏன் இவ்வளவு பெருமை? மகளின் பிள்ளைகளை இவர் கணக்கில் எழுதுவது சரியா?

வளர்ப்பாளர்கள் இதற்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். ஒரு பொலிக்குதிரையின் மகள்கள் ஈன்ற குட்டிகள் ஈட்டும் தொகையை வைத்து ஆண்டுதோறும் வரிசைப்படுத்துவார்கள். 1992இல் வட அமெரிக்காவில் அந்த முதலிடம் செக்ரடேரியட்டுக்கு. அந்த ஆண்டின் சிறந்த குதிரை ஏ.பி. இண்டி, அதன் தாய் வீக்கெண்ட் சர்ப்ரைஸ், செக்ரடேரியட்டின் மகள். பெல்மான்ட்டில் பாட்டனின் நேரத்துக்கு மிக அருகில் வந்த இரண்டு குதிரைகளில் ஒன்று சொந்தப் பேரன் என்பது இப்போது விளங்கும். அதே தாய் ஈன்ற சம்மர் ஸ்குவால் 1990இல் பிரீக்னஸை வென்றது.

மற்றொரு மகள் டெர்லிங்குவா. அதன் மகன் ஸ்டார்ம் கேட், உச்ச காலத்தில் ஒரு சேர்க்கைக்கு ஐந்து லட்சம் டாலர் கட்டணம் பெற்ற பொலிக்குதிரை. மூன்றாவது மகள் சீக்ரெட்டேம். அதன் மகன் கான் வெஸ்ட். ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட் ஆகிய மூன்று பேரன்களின் வழியாக அந்த ரத்தம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. 37 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2015இல் ட்ரிபிள் கிரவுன் வென்ற அமெரிக்கன் ஃபாரோவின் தாய்வழியிலும், 2018இல் வென்ற ஜஸ்டிஃபையின் தந்தைவழியிலும் ஸ்டார்ம் கேட் உண்டு. அதாவது இருவருக்கும் டெர்லிங்குவா மூதாய். பேரன்களைக் கணக்கில் எழுதுவது சரியா என்று கேட்டீர்கள். ஒரு மகளுக்கு அமைந்தால் தற்செயல் எனலாம்; மூன்று வெவ்வேறு மகள்கள், மூன்று வெவ்வேறு ஆண் குதிரைகளிடம், இத்தகைய பிள்ளைகளை ஈன்றதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதயம் சாதாரணக் குதிரையைவிட இரண்டு மடங்கு பெரியதாமே? அது மகள்கள் வழியாக மட்டும் போகும் என்பதும் உண்மையா?

முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இறப்புக்குப் பின் உடலை ஆய்ந்த கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர் தாமஸ் சுவெர்செக், இதயம் வழக்கத்தைவிட மிகப் பெரிதாக, ஆனால் எவ்விதக் கோளாறும் இன்றி இருந்ததைக் கண்டார். அதை எடைபோடவில்லை. பின்னர் ஷாம் இறந்தபோது அதன் இதயத்தை எடைபோட்டு 18 பவுண்டு என்று கண்டார். அதனோடு மனத்தளவில் ஒப்பிட்டுத்தான் செக்ரடேரியட்டின் இதயம் 22 பவுண்டு, அதாவது சுமார் பத்து கிலோ, இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார். '22 பவுண்டு' என்று அளந்த எண் போல எழுதப்படுவது பிழை.

இரண்டாம் பாதி ஒரு கருதுகோள். ஆண் குதிரை தன் எக்ஸ் குரோமோசோமை மகளுக்கு மட்டுமே தரும். எனவே பெரிய இதயத்துக்கான மரபணு அதில் இருந்தால் மகன்களுக்குப் போகாது, மகள்கள் வழியாகப் பேரன்களுக்குப் போகும். மேலே கண்ட வாரிசு வரலாற்றோடு அழகாகப் பொருந்துவதால் பலரும் இதை நம்புகிறார்கள். ஆனால் அத்தகைய ஒற்றை மரபணு நிறுவப்படவில்லை. பொருத்தமாக இருப்பது வேறு, நிறுவப்படுவது வேறு.

எப்படி இறந்தது? ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

எனக்கும்தான். 1989 இலையுதிர் காலத்தில் லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் கண்டது. குளம்பின் கடினமான சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைத்துப் பிடித்திருக்கும் மெல்லிய திசு அடுக்குகள் அழற்சியால் விட்டுப்போகும். உடலின் முழு எடையும் அந்த எலும்பில் இறங்க, அது இடம் பெயரும். படுத்தே கிடந்து குணமாகும் உடலமைப்பு குதிரைக்கு இல்லை. நின்றாக வேண்டும், நிற்கும் ஒவ்வொரு கணமும் வேதனை. ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிகிச்சை அளித்துப் பார்த்துப் பயனில்லாத நிலையில், அக்டோபர் 4 அன்று கருணைக் கொலை செய்ய முடிவெடுத்தார்கள். அப்போது அதற்கு 19 வயது. இரக்கத்தால் எடுத்த முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கிளைபோர்ன் பண்ணைக்குப் போனால் சமாதியைப் பார்க்க முடியுமா?

முடியும், முன்பதிவு செய்தவர்களைப் பண்ணையில் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். பந்தயக் குதிரைகளைப் புதைக்கும்போது தலை, இதயம், குளம்புகள் ஆகியவற்றை மட்டும் புதைப்பது அங்குள்ள மரபு. செக்ரடேரியட்டை முழு உடலாகவே புதைத்தார்கள். சிறிய கல்தான், பெயரும் ஆண்டுகளும் பொறித்தது. தந்தை போல்ட் ரூலரின் கல் அதே இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து லாயத்துக்குப் போனால், தந்தை இருந்து பின் மகன் பதினாறு ஆண்டுகள் இருந்த கொட்டடியையும் காட்டுவார்கள்.